ஆன்-டிமாண்ட் ஃபோர் வீல் டிரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மைத்துனர் இரண்டு மாதமாகப் பழைய டஸ்டர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை வேண்டாம், தேவைப்படும்போது நாலு சக்கரமும் இழுக்கும் ஏ.டபிள்யூ.டி (ஆல் வீல் டிரைவ்) தான் வேண்டும் என்று பிடிவாதம். அவர் போனில் கேட்ட கேள்விகளும், என் வண்டியைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும் இங்கே. உதாரணத்துக்குப் பெரும்பாலும் ரெனோ டஸ்டரையும் மாருதி கிராண்ட் விட்டாராவையும் எடுத்துக்கொள்கிறேன். டஸ்டர் 2012ல் இந்தியாவுக்கு வந்தது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸ்ஸான் ஆலையில்தான் செய்தார்கள். அதில் ஏ.டபிள்யூ.டி வகை 2014ல் சேர்ந்தது. 2020ல் டீசல் எஞ்சின் நிறுத்தப்பட்டபோது அதுவும் கூடவே போய்விட்டது. ஆல்கிரிப் என்று பெயரிட்ட கிராண்ட் விட்டாராவின் ஏ.டபிள்யூ.டி வகை 2022ல் வந்தது.

பின்கதவில் ஏ.டபிள்யூ.டி என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் எந்நேரமும் நாலு சக்கரமும் இழுக்கிறதா?

இல்லை. காய்ந்த தார் ரோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது இது முன் சக்கரம் இழுக்கும் சாதாரணக் கார்தான். பின் சக்கரங்கள் சும்மா உருண்டு வருகின்றன. முன்னால் வழுக்கும்போதோ, வழுக்கப்போகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றும்போதோதான் பின்னாலும் சக்தி போகிறது. அதனால்தான் ஆன்-டிமாண்ட் என்று பெயர்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னியில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. ஃபோர் வீல் டிரைவ் தார், ஜிம்னி இரண்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனிப் பெட்டி உண்டு. கையால் லீவரைப் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் பல்லோடு பல் கோர்த்து ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் நழுவிக்கொடுக்க எதுவும் இல்லை. அதோடு வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரும் உண்டு. டஸ்டர் போன்ற சிறிய கிராஸ்ஓவர்களில் பொதுவாக லோ கியர் கிடையாது, பல்லோடு பல் பூட்டும் சங்கதியும் கிடையாது. இருப்பது ஒரு கிளட்ச். இந்த வண்டிகளின் நல்லது கெட்டது எல்லாமே அந்தக் கிளட்சிலிருந்து வருவதுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

எஞ்சின் முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. சக்தி பின்னால் எப்படிப் போய்ச் சேர்கிறது?

கியர் பாக்ஸோடு ஒட்டி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே கூம்பு வடிவப் பற்சக்கரங்கள். குறுக்குவாட்டில் சுற்றும் சுழற்சியை 90 டிகிரி திருப்பி வண்டியின் நீளவாட்டுக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. அங்கிருந்து ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு வண்டிக்கு அடியில் பின்னால் போகிறது. இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கு, நம் மெக்கானிக்குகள் சொல்லும் கிரவுனுக்கு, சற்று முன்னால் அந்தக் கிளட்ச் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் கப்ளிங் என்பார்கள். கப்ளிங் திறந்திருந்தால் ஷாஃப்ட் சும்மா சுற்றும். இறுகினால் பின் சக்கரங்களும் வேலைக்கு வரும்.

இதற்கு இடம் கொடுக்கப் பின்பக்கத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. முன் சக்கர டஸ்டரில் பின்னால் ஒரே முறுக்குச் சட்டம், ஏ.டபிள்யூ.டி டஸ்டரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மல்டி-லிங்க் சஸ்பென்ஷன். குண்டும் குழியுமான ரோட்டில் பின் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு அதுவே தனி லாபம். என்னைக் கேட்டால், பலர் ஃபோர் வீல் டிரைவ் என்று நினைத்து ரசிப்பது உண்மையில் இந்த சஸ்பென்ஷனைத்தான்.

கப்ளிங்குக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

பைக்கின் கிளட்ச் கவரைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெயில் ஊறிக்கொண்டு வளையம் வளையமாகத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒன்று விட்டு ஒன்று வெளி டிரம்மோடும் உள் ஹப்போடும் கோர்த்திருக்கும். சேர்த்து அழுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், தளர்த்தினால் தனித்தனியாக. கப்ளிங்கிலும் அதே கதைதான். பைக்கில் உங்கள் இடது கை செய்கிற வேலையை இங்கே யார் செய்கிறார்கள் என்பதில்தான் ஒவ்வொரு கம்பெனியின் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது.

டஸ்டரில் இருப்பது நிஸ்ஸானிடமிருந்து வந்த ஏற்பாடு. கப்ளிங்குக்குள் ஒரு மின்காந்தச் சுருள். அதற்கு மின்சாரம் போனதும் ஒரு சின்ன, பைலட் கிளட்ச் இறுகுகிறது. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், அந்த வித்தியாசம் இரண்டு வட்டத் தட்டுகளை ஒன்றுக்கொன்று கொஞ்சம் திருப்பிவிடும். தட்டுகளுக்கு நடுவே சரிவான பள்ளங்களில் எஃகுக் குண்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. தட்டு திரும்பியதும் குண்டுகள் சரிவில் ஏறி, தட்டுகளை விலக்கித் தள்ளுகின்றன. அந்தத் தள்ளல்தான் பெரிய கிளட்சின் தகடுகளை அழுத்துகிறது. ஒரு காரையே தள்ளுகிற அழுத்தத்தை ஒரு காந்தத்தால் நேரடியாகக் கொடுக்க முடியாது. ஷாஃப்டில் வரும் முறுக்கையே கடன் வாங்கி அதை வைத்தே தகடுகளை அழுத்துகிறார்கள். மின்சாரத்தைக் கூட்டினால் பிடி கூடும், குறைத்தால் குறையும், நிறுத்தினால் விட்டுவிடும்.

ஐரோப்பிய வண்டிகளில் பிரபலமான ஹால்டெக்ஸ் வகையில் அழுத்துவது எண்ணெய். 1998ல் ஆடி டிடியில் வந்த முதல் தலைமுறையில், முன்னும் பின்னும் வேக வித்தியாசம் ஏற்பட்டால்தான் பம்பே எண்ணெயை அழுத்தத் தொடங்கும். அதாவது கொஞ்சமாவது வழுக்கியாக வேண்டும். பிறகு வந்தவற்றில் மின் பம்ப் வைத்து, வழுக்குவதற்கு முன்பே அழுத்தத்தைத் தயாராக வைக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது விஸ்கஸ் கப்ளிங். சிலிக்கோன் திரவத்தில் துளைத் தகடுகள். வேக வித்தியாசத்தில் திரவம் சூடாகி இறுகினால் பின்னால் சக்தி போகும். கம்ப்யூட்டர், ஒயர், சென்சார் எதுவும் வேண்டாம். ஆனால் சூடாகும்வரை நீங்கள் சேற்றில் காத்திருக்க வேண்டும்.

எப்போது இறுக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

நாலு சக்கரத்திலும் ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) ஏற்கனவே வேக சென்சார்கள் இருக்கின்றன. அவற்றோடு ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, பிரேக் பிடித்திருக்கிறீர்களா என்பதையும் சேர்த்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி விடாமல் படித்துக்கொண்டிருக்கும்.

முன் சக்கரம் சுழன்ற பிறகுதான் பின்னால் சக்தி போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய வகைகளுக்கு அது சரி. இப்போதைய வண்டிகள் கிளம்பும்போதே கப்ளிங்கை ஓரளவு இறுக்கிவிடும், ஏனென்றால் நின்ற இடத்திலிருந்து அழுத்தி மிதித்தால் எடை பின்னால் சாய்ந்து முன் சக்கரத்தின் பிடி குறையும். அது தெரிந்த விஷயம்தானே, எதற்குக் காத்திருக்க வேண்டும்? வேகம் பிடித்து நிதானமானதும் தளர்த்திவிடும்.

டூ வீல், ஆட்டோ, லாக் என்று திருகு இருக்கிறது. எதில் வைப்பது?

ஆட்டோவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். (மூன்று சக்கர ஆட்டோவை நினைத்து என் மகள் இதற்கு இன்னும் சிரிக்கிறாள்.) லாக் என்பது குறைந்த வேகத்தில் சேறு, மணல், ஈரப்புல், ஜல்லி மேடு ஆகியவற்றுக்கு. சேற்றில் மாட்டிய பிறகு போடாமல், இறங்குவதற்கு முன்பே போட வேண்டும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் வண்டி தானாகவே ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். டூ வீல் என்பது நெடுஞ்சாலைக்கும், அளவு மாறிய ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஊர் திரும்பும் நாளுக்கும்.

கிராண்ட் விட்டாராவில் ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நாலு. ஸ்னோ என்பதைப் பார்த்து நமக்கு எதற்கு என்று ஒதுக்க வேண்டாம். பனியே பார்க்காத ஊரிலும் வழுக்கும் களிமண் பாதையில் மெல்லப் போக அது உதவும்.

லாக் போட்டால் சக்தி 50:50 என்று பிரியும் என்கிறார்கள். உண்மையா?

விளம்பரத்தில் அதிகம் குழப்புவது இதுதான். லாக்கில் கிளட்ச் முழுதாக இறுகும்போது உறுதியாவது ஒன்றே: முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுற்றும். வேகம்தான் சமம். சக்தி எங்கே பிடி இருக்கிறதோ அங்கே போகும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டின் கால் வழுக்கினால் பாரம் முழுவதும் மற்ற மாட்டின் தோளுக்கு வந்துவிடும். முன் சக்கரங்கள் இரண்டும் கொழகொழவென்ற சேற்றில் இருந்தால், வண்டியைத் தள்ளுவது கிட்டத்தட்ட முழுக்கப் பின் சக்கரங்கள்தான். கிளட்சின் தாங்கும் திறன்தான் அதற்கு எல்லை.

லாக்கை எடுக்காமல் தார் ரோட்டில் திருப்பினால் என்ன ஆகும்?

வண்டி முரண்டு பிடிக்கும். வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு சின்ன வட்டம் போடும். டஸ்டரை வைத்தே கணக்குப் போடலாம். திரும்பும் ஆரம் 5.2 மீட்டர், வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களின் இடைவெளி, 2,673 மில்லிமீட்டர். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஒரு வட்டம் அடித்தால் வெளிப்பக்கத்து முன் சக்கரம் ஏறத்தாழ 32.7 மீட்டர் ஓடும். அதே பக்கத்துப் பின் சக்கரம் சுமார் 28 மீட்டர்தான். ஒரே வட்டத்தில் டயர் இரண்டு முறை சுற்றும் அளவுக்கு வித்தியாசம்! கிளட்ச் இறுகியிருந்தால் அந்த வித்தியாசம் எங்கே போகும்? சேற்றில் டயர் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது, அதனால் கிளட்ச் தகடு உரசும், ஷாஃப்ட் முறுகும், ஸ்டியரிங் கனக்கும். பார்க்கிங்கில் டக் டக் என்று துள்ளினால் முதலில் திருகைப் பாருங்கள்.

முன் டயர் இரண்டு மட்டும் தேய்ந்திருக்கிறது. அவற்றை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது. முன் டயர்கள் வேகமாகத் தேயும். என் வண்டியிலும் அப்படித்தான். ஒரு டயர் கடையில் "முன்னாடி ரெண்டு புதுசு போடுங்க, பின்னாடி இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்றார்கள். மற்ற கார்களுக்கு நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன்.

215/65 ஆர்16 டயரின் விட்டம் புதிதில் ஏறக்குறைய 686 மில்லிமீட்டர். பட்டன் (டயர் வரிப்பள்ளத்தின் ஆழம்) 8 மில்லிமீட்டரிலிருந்து 3க்குத் தேய்ந்தால் விட்டத்தில் 10 குறைந்துவிடும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் புது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 464 முறை சுற்றும்போது தேய்ந்தது 471 முறை சுற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 7 சுற்று வித்தியாசம். மதுரையிலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 450 கிலோமீட்டர். மூவாயிரம் சுற்றுக்கு மேல். நேர் ரோட்டிலேயே வண்டி ஓயாமல் ஒரு வளைவில் போய்க்கொண்டிருப்பதாகக் கம்ப்யூட்டருக்குத் தோன்றும். எனக்கு ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு டேஷ்போர்டில் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. பின்னாலும் இரண்டு டயர் மாற்றினேன், விளக்கு போய்விட்டது.

சிமிட்டும் விதத்துக்கும் அர்த்தம் உண்டு. நிஸ்ஸானின் சில வண்டிகளில் விளக்கு வேகமாகச் சிமிட்டினால் கப்ளிங் சூடாகிவிட்டது என்றும், மெதுவாகச் சிமிட்டினால் முன் பின் டயர் அளவு ஒத்துப்போகவில்லை என்றும் பொருள். உங்கள் வண்டியின் கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆகவே நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுவந்தால் நாலும் ஒன்றாகத் தேயும். காற்றும் கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும்.

ஒரு முன் சக்கரமும், எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால்?

கப்ளிங் மட்டும் இங்கே காப்பாற்றாது. அது முன்னுக்கும் பின்னுக்கும்தான் பாலம். இடதுக்கும் வலதுக்கும் நடுவில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் மின்விசிறி போலச் சுற்றும், தரையில் இருப்பது அசையாது. அப்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். அந்த எதிர்ப்பால் மறுபக்கத்துக்கு முறுக்கு போகும். கட கட என்று சத்தம் வரும்போது பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். ஒரே சீராக மிதித்தபடி இரண்டு மூன்று விநாடி பொறுங்கள்.

மணலில்?

போகும், ஆனால் பொறுமை இல்லை. மணல் ஓயாமல் எதிர்க்கும். சக்கரங்கள் சுழல, கிளட்ச் உரச, எண்ணெய் சூடாகும். எல்லை தாண்டினால் கம்ப்யூட்டர் கப்ளிங்கைத் திறந்துவிடும். மணல் நடுவில் உங்கள் கையில் இருப்பது வெறும் முன் சக்கர வண்டி. கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம், எஞ்சினை ஓடவிட்டு ஆறவிட்டால் திரும்பி வரும். டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு இறங்கினால் இந்த நிலைமையே பெரும்பாலும் வராது. நான் முதல் முறை கடற்கரைக்கு முழுக் காற்றோடு இறங்கி, மீனவர்கள் ஆறு பேர் சேர்ந்து தள்ளி வெளியே வந்தேன்.

லோ கியர் இல்லாத குறையை டஸ்டரில் முதல் கியரை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும்போது மணிக்கு 6 கிலோமீட்டர்கூட வராது. சும்மா விட்டாலே நடை வேகத்தில் ஊர்ந்து ஏறும். சமதளத்தில் பலர் இரண்டாம் கியரில் கிளம்புவது இதனால்தான்.

மழையில் மற்ற கார்களைவிட பிரேக் நன்றாகப் பிடிக்குமா?

பிடிக்காது. எந்தக் காருக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான். ஏபிஎஸ் வேலை செய்யும்போது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும் என்பதால் கப்ளிங்கே தளர்ந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் ஏறும்போது இது சுகம். இறங்கும்போது உங்களுக்கும் பின்னால் வரும் ஆல்ட்டோவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும்?

கிராண்ட் விட்டாரா வந்தபோது அராய் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சான்றின்படி மேனுவல் வண்டிக்கு லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், ஆல்கிரிப் மேனுவலுக்கு 19.38. ஷாஃப்ட், கிரவுன், கப்ளிங் எல்லாவற்றின் எடையையும் எந்நேரமும் சுமக்க வேண்டும், சுற்றவும் வேண்டும். டூ வீலில் வைத்தாலும் எடை இறங்கிவிடாது.

எண்ணெய் மாற்ற வேண்டுமா? "லைஃப்டைம்" என்கிறார்களே?

கப்ளிங்கில் தகடு உரசுகிறது. உரசினால் தூள் வரும், தூள் எண்ணெயில்தான் சேரும். லைஃப்டைம் என்பது யாருடைய ஆயுள் என்று நான் கேட்பதுண்டு. கையேட்டில் காலக்கெடு இருந்தால் அதன்படி மாற்றுங்கள். ஹால்டெக்ஸ் வண்டிகளில் ஐந்தாம் தலைமுறையில் பம்புக்கு முன்னால் இருக்கும் சல்லடை அடைத்துக்கொண்டு பம்பையே கொல்வது தெரிந்த தொல்லை. ஹோண்டா சிஆர்-வியின் பழைய இரட்டைப் பம்ப் வகையில், ஸ்டியரிங்கை ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து முனகல் வந்தால் எண்ணெய் பழசாகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் எண்ணெய் மாற்றினாலே நின்றுவிடும். அதற்கென்று உள்ள எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். கிரவுனுக்கு ஊற்றும் சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் கதை வேறு.

நடுவழியில் நின்றுவிட்டால் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துப் போகலாமா?

கூடாது. முன் சக்கரம் நிற்க, பின் சக்கரம் சுற்றினால் கப்ளிங் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். நாலு சக்கரமும் தரையில் படாமல் மேடை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். போனிலேயே "ஃபோர் வீல் டிரைவ்" என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கொக்கி வண்டிதான் வரும்.

ஹைப்ரிட் வண்டிகளில் ஷாஃப்டே இல்லையாமே?

டொயோட்டாவின் ஈ-ஃபோர் முறையில் பின்னால் தனி மின் மோட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே ஒயர் மட்டும்தான். 2001ல் ஜப்பானில் எஸ்டிமா ஹைப்ரிடில் தொடங்கியது. உரசித் தேயும் கிளட்ச் இல்லை. அதன் எல்லை வேறு: பின் மோட்டார் எவ்வளவு பெரியதோ அவ்வளவுதான் பின்னால் பலம்.

பழைய ஏ.டபிள்யூ.டி வண்டியை வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

மைத்துனருக்குச் சொன்னதையே சொல்கிறேன். முதலில் குனிந்து நாலு டயரையும் பாருங்கள். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி என்றால் எத்தனை நாளாக அப்படி ஓடியது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலையில் பேசுங்கள். அப்புறம் அடியில், கியர் பாக்ஸை ஒட்டிய பெட்டியிலும் கப்ளிங் பக்கத்திலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காய்ந்த ரோட்டில் ஆட்டோவில் வைத்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து இரண்டு பக்கமும் மெதுவாக வட்டம் அடியுங்கள். துள்ளலோ முனகலோ இருக்கக் கூடாது. பிறகு ஜல்லியோ ஈரப்புல்லோ உள்ள சரிவாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். டூ வீலில் வைத்து சற்று அழுத்திக் கிளம்பினால் முன் சக்கரம் ஜல்லியை வாரி இறைக்க வேண்டும். அதே இடத்தில் லாக் போட்டுக் கிளம்பினால் சத்தமில்லாமல் ஏற வேண்டும். நண்பர் ஒருவரைச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். லாக்கிலும் முன் சக்கரம் மட்டுமே இறைத்தால் கப்ளிங் பிடிக்கவில்லை. மைத்துனர் போன வாரம் பார்த்த வண்டியில் அப்படித்தான் இறைத்தது. விற்பவர் "ஜல்லி புதுசு சார்" என்றாராம். தேடல் தொடர்கிறது.